தொடாத ரொட்டி

அத்தியாயம் 17

புருலை நாம் போன வாரம் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால், கையெல்லாம் மாவோடு நிறுத்திவிட்டு வந்தோம். இன்னும் அங்கேதான் நிற்கிறாள். விடிந்ததிலிருந்து போர்சோக் பொரித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் மலையூர் கொச்கோரில் நல்ல காரியம் நடக்கும் வீட்டில் இந்தப் பொரித்த மாவுத் துண்டுகள் சாப்பாட்டு விரிப்பு கொள்ளாமல் குவிந்து கிடக்க வேண்டும்.

இன்று அவள் மகள் பெகாயிமுக்குத் தோடு போட வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணின் காதில் தோடு மாட்டி, தலையில் வெள்ளைத் துணி கட்டிவிட்டால் கல்யாணம் பேசி முடிந்தது என்று அர்த்தம். விழிப்புச் சபை என்ற மதக் குழு எங்கள் பழக்கங்களில் முக்கால்வாசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. சபைப் பெரியவர்களுக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்களே!

பெண்ணைப் பெற்ற வீடும் சபை, மாப்பிள்ளை வீடும் சபை. இடையில் மாட்டிக்கொண்டவள் புருல் ஒருத்திதான்.

இருபது வருஷம் ஒரு கூட்டம் தவறாமல் போனவள் அவள். தங்கை கனிம்குல் சபையை விட்டு விலகி 'வெளியே நிற்பவள்' ஆனாள்; ஆறு வருஷம் அக்காவும் தங்கையும் பேசவில்லை. போன கோடையில் கனிம்குல் செத்துப்போனாள். சாவு வீட்டில் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாட்டெடுத்து அழுதார்கள். வெளியே நிற்பவளுக்கு அழக் கூடாது என்றது சபை. புருல் தெருவில், வேலிக்கு அந்தப் பக்கம், கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு அழாமல் நின்றாள். கூடப் பிறந்தவள்! ஊரே பார்த்தது. அன்றோடு சபைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எட்டு மாதமாக அவள் பெயர் கூட்டத்துக்கு வராத 'உறங்கினவர்கள்' பட்டியலில் இருக்கிறது.

இந்த ஒரு நாளில் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மகள் காதில் தோடு ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பத்து மணிக்கு நாய் குரைத்தது.

"இப்ப யாரு?" என்றாள். சம்பந்தி வீட்டார் ஒரு மணிக்குத்தான் வருவதாகப் பேச்சு.

புருஷன் தோலோன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். லாரி ஓட்டுகிறவன், மலைப் பாதையில் பனிச் சரிவுக்குப் பயப்படாதவன். சபைப் பெரியவர்களைக் கண்டால் மட்டும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொள்வான். இப்போதும் தொப்பி கையில்தான் இருந்தது.

"குபாத் பெரியவரும் மிர்சா பெரியவரும் வந்திருக்காங்க. கொஞ்ச நேரம் பேசிட்டுப் போயிடுவாங்களாம்."

"இன்னிக்கா? மாவு பாதி கெடக்கு, கறி இன்னும் வேகல. நாளைக்கு வந்தா ஆகாதா?"

"நாந்தான் வரச் சொன்னேன்னு வெச்சுக்கயேன்."

"வெச்சுக்கறதா, வரச் சொன்னியா?"

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

புருல் கையைக் கழுவினாள். நல்ல விரிப்பை எடுத்து விரித்தாள். வட்ட ரொட்டி, பாலாடை, ஆப்ரிகாட் ஜாம், தேநீர். வந்தவர்கள் யாராக இருந்தால் என்ன? விரிப்பு விரிக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

குபாத் டயர் கடை வைத்திருப்பவர். ஆள் வாட்டசாட்டம், சிரித்த முகம். மிர்சா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எங்கே போனாலும் நோட்டுப் புத்தகம் கூடவே போகும். இரண்டு பேரும் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள்.

"ரொட்டி எடுங்கண்ணே."

"இருக்கட்டும்."

"ஒரு துணுக்காவது கிள்ளிக்கங்க."

"இருக்கட்டும் புருல்."

எங்கள் ஊரில் மின்சார மீட்டர் பார்க்க வருகிறவன்கூட வாசலில் நின்றபடி ஒரு துணுக்கு ரொட்டியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டுதான் நகர்வான். சண்டைக்கு வந்தவனும் முதலில் ரொட்டியைத் தொட்டுவிட்டுத்தான் சட்டையைப் பிடிப்பான். விரிப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டு ரொட்டியைத் தொடாதவர்களை அவள் அன்றுதான் பார்த்தாள். இருபது வருஷமாக 'சகோதரி புருல்' என்று கூப்பிட்ட வாய், சகோதரியையும் விட்டுவிட்டிருந்தது.

"அப்ப முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கீங்க" என்றாள்.

"என்னம்மா முடிவு?" குபாத் சிரித்தார். "ஒன் மேல உள்ள அக்கறைலதான வந்தோம். மந்தைல ஒரு ஆடு காணாமப் போனா தேடிப் போறதில்லையா?"

"நான் எங்கண்ணே காணாமப் போனேன்? எட்டு மாசமா இதே வீட்லதான் இருக்கேன். தெனம் பள்ளிக்கூடத்துல ஒங்க பேரனுக்கு நாந்தான் சூப்பு ஊத்தறேன். ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக் குடிக்கிறான். தேடறவரு அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா வழி சொல்லியிருப்பானே."

தோலோன் இருமினான். மிர்சா நோட்டைப் பிரித்தார்.

"நேரா விஷயத்துக்கு வரேன். 'என் தங்கச்சிக்கு நான் அழாத அழுகைய யார் திருப்பித் தருவா? அழக் கூடாதுன்னு சொன்ன வாய் கடவுளோட வாய்தானான்னு எனக்குத் தெரியல.' இது நீ சொன்னதா?"

புருலின் கை தேநீர்க் கெண்டியின் மேலேயே நின்றுவிட்டது.

சொன்னாள். மூன்று சனிக்கிழமைக்கு முன்னால், வெந்நீர் அறையில், ஆவிக்குள் உட்கார்ந்து சொன்னாள். அப்போது யாருக்கோ முதுகு தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த அறையில் இருந்தது இரண்டே பேர்.

உள் அறைக் கதவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பெரியவர்களுக்குத் தெரிந்துவிடும் என்றா? அவர்களுக்குத் தெரியாததா! பார்க்க முடியவில்லை, அதுதான் காரணம்.

"சொன்னேன்" என்றாள்.

"நல்லது. ஒத்துக்கிட்ட. இப்ப ரெண்டு வழி இருக்கு" என்றார் மிர்சா, பழைய வகுப்பறைக் குரலில். "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஒன்ன வெளிய நிக்கிறவன்னு அறிவிச்சுடுவோம். அப்பறம் சபைல யாரும் ஒன்கூட ஒரே விரிப்புல ஒக்கார முடியாது. பொண்ணு கல்யாணத்துக்கும் சேத்துத்தான் சொல்றேன். இல்லன்னா ஒரு கடிதம் எழுதிக் குடு. இன்னிக்கே, சம்பந்திங்க முன்னாடி, தோலோன் வாசிக்கட்டும். வாசிச்சு முடிச்ச ஒடனே நீ வந்து பொண்ணு பக்கத்துல ஒக்காரலாம்."

"அதுவரைக்கும்?"

"அடுப்படில இரு."

"அப்ப இந்தப் போர்சோக்? காத்தாலேருந்து நாந்தான பொரிக்கிறேன். இத சாப்பிடுவாங்களா, இல்ல நாய்க்குப் போடணுமா?"

மிர்சா அதை நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். "சாப்பிடலாம். வேற ஒருத்தர் கையால எடுத்து வெச்சா சாப்பிடலாம். அதுக்கு விதி இருக்கு. ஒரே ரொட்டிய ஒன்கூட பிச்சுக்கக் கூடாது, அவ்வளவுதான்."

புருலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலை செய்ய இந்தக் கை வேண்டுமாம், விரிப்பில் வேண்டாமாம். மிர்சா அந்தச் சிரிப்பையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

கடிதத்தைக் குபாத்தே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அவள் தன் கையெழுத்தில் பெயர்த்து எழுதிக் கொடுத்தால் போதும். சபையை மதிக்காமல் போனதற்கு மன்னிப்பு, கேள்வி கேட்டதற்கு மன்னிப்பு, கூட்டத்துக்கு வராததற்கு மன்னிப்பு. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். கடைசி வரிதான் கண்ணில் குத்தியது.

'கனிம்குல் எனக்கு யாரும் இல்லை. அவளுக்காக வருந்தியதற்காக வருந்துகிறேன்.'

தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள். "பேனா உள்ள இருக்கு."

பெகாயிம் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை, பின்னிவிட்ட கூந்தல். இருபத்து மூன்று வயது. சுவர் என்ன சுவர், அட்டை மாதிரி. கூடத்தில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்திருக்கும். அந்தக் காதுகளில் வெள்ளியில் பவழம் வைத்த தோடு ஆடிக்கொண்டிருந்தது. பதினாறு வயதில் சித்தி கனிம்குல் போட்டுவிட்ட தோடு.

புருல் கதவைச் சாத்தினாள்.

"வெந்நீர் அறைல நம்ம ரெண்டு பேர்தானடி இருந்தோம்."

பெகாயிம் சீப்பைக் கீழே வைத்தாள்.

"மூணு நாளைக்குள்ள சொல்லியாகணும்மா. கேட்டுட்டும் சொல்லாம இருந்தா எனக்கும் அதே பட்டம்தான். எமில் வீட்ல அப்பறம் என்னைச் சேத்துப்பாங்களா? நான் ஒன்ன மாட்டிவிடணும்னு சொல்லல. சத்தியமா இல்ல. சொன்னா பெரியவங்க வந்து ஒன்கிட்ட அன்பாப் பேசுவாங்க, நீ திரும்பி வந்துடுவேன்னு நெனச்சேன்."

"அன்பாத்தான் பேசுனாங்க. ரொட்டியத்தான் தொடல."

"தொடலையா?" பெகாயிம் சட்டென்று நிமிர்ந்தாள். "ஒரு துணுக்குகூடவா?"

"ஒரு துணுக்குகூட."

அவளும் இந்த ஊர்ப் பெண்தானே. அதற்கு என்ன பொருள் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுதிக் குடுத்துடும்மா" என்றாள் கடைசியில். குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. "ஒரு காகிதம்தான. உள்ளுக்குள்ள நீ என்ன வேணா நெனச்சுக்க, யாரு பாக்கப் போறா?"

"நீ அப்படித்தான் இருக்கியா?"

பெகாயிம் காதுத் தோட்டை ஒரு விரலால் தொட்டுக்கொண்டாள். வெளியே நிற்பவர்கள் கொடுத்த பொருளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது சபை விதி. ஏழு வருஷமாகக் காதிலேயே வைத்திருக்கிறாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

புருலுக்குக் கோபம் எங்கேயோ வடிந்துபோயிற்று. இவளைத் திட்டி என்ன ஆகப் போகிறது? நாலு வயதில் கையைப் பிடித்து அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப்போனது யார்? கேட்டதையெல்லாம் பெரியவர்களிடம் போய்ச் சொல் கண்ணு என்று பாடம் சொல்லிக் கொடுத்தது யார்? தன் கையாலேயே வளர்த்த பழக்கம் தன் வீட்டு வெந்நீர் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நகரு, மேசைய விடு" என்றாள். உட்கார்ந்து எழுதினாள். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை உதறினாள், மை வரவில்லை என்பதுபோல. பிறகு அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு மணிக்கு இரண்டு கார்களில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை எமில், அவன் அம்மா ரகியா, கூட நாலு பெண்கள். சம்பிரதாயப்படி பெண்ணைப் பெற்றவள் வாசலுக்கு வந்து தழுவி வரவேற்க வேண்டும். புருல் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த நடையில், தொங்கவிட்ட கோட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றாள். ரகியா அவளைப் பார்த்தாள், நின்றாள், குபாத்தின் முகத்தைப் பார்த்தாள், நேரே கூடத்துக்குள் போய்விட்டாள். இதே ரகியாவுக்கு மூட்டு வலி வந்தபோது ஒரு மாதம் சூப்பு கொண்டுபோய்க் கொடுத்தவள் புருல். நன்றிகெட்டதுகள்!

தட்டுகளைத் தோலோன் ஒவ்வொன்றாக நடையில் வாங்கிக் கூடத்துக்குக் கொண்டுபோனான். விதி இருக்கிறதே. பெகாயிமுக்குப் பக்கத்தில் ஒரு மெத்தை காலியாகப் போட்டிருந்தது. நடையிலிருந்து நாலு எட்டு வைத்தால் அந்த மெத்தை.

"வாசிப்பா" என்றார் குபாத்.

தோலோன் எழுந்து நின்று வாசித்தான். டீசல் ரசீதை வாசிப்பவன்போல ஒரே சுரத்தில் வாசித்தான். மன்னிப்பு ஒன்று, மன்னிப்பு இரண்டு, மன்னிப்பு மூன்று. பெண்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். கடைசி வரியில் அவன் குரல் நின்றது.

ஒரு குளிர்காலம் முழுக்க அவன் கால் முறிந்து கிடந்தபோது, அடுப்புக்கு நிலக்கரி கொண்டுவந்து கொட்டியவள் கனிம்குல். அப்போது அவள் சபைக்குள் இருந்தாள்.

"வாசி தோலோன்."

"கனிம்குல் எனக்கு யாரும் இல்லை" என்று தோலோன் வாசித்தான். "அவளுக்காக வருந்தியதற்காக வருந்துகிறேன்."

"ரொம்ப நல்லது" என்றார் குபாத். "வரச் சொல்லலாம்."

புருல் ஏப்ரனை அவிழ்த்தாள். முடிந்துவிட்டது. நாலு எட்டுதான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் மகள் பக்கத்தில் இடம். செத்தவள் எங்கே வந்து கேட்கப் போகிறாள்? ஓர் எட்டு வைத்தாள்.

ரகியா அதற்குள் அவசரப்பட்டுப் பெட்டியைத் திறந்து புதுத் தோட்டை எடுத்துவிட்டாள். பெகாயிமின் காதுகளிலிருந்து பழைய தோடுகளைக் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"பழைய பவழமா இருக்கே. யாரு குடுத்தது?"

கூடத்தில் எல்லோரும் பெகாயிமைப் பார்த்தார்கள். மிர்சாவின் விரல் நோட்டுப் பக்கம் போயிற்று.

"யாரும் குடுக்கல அத்தை" என்றாள் பெகாயிம். "சும்மா, சந்தைல வாங்கினது."

ரகியா பவழத் தோடுகளை விரிப்பின் ஓரத்தில், தின்று போட்ட ஆப்ரிகாட் கொட்டைகளோடு வைத்தாள். வலது காதில் புதுத் தோட்டை மாட்டினாள்.

புருலுக்கு அடுத்த எட்டு வரவில்லை. தன் கையால் எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்; பெற்ற பெண் வாயால் கேட்டதைப் பொறுக்க முடியவில்லை. அவள் திரும்பினாள். கூடத்துச் சுவருக்கு முன்னால் போய், வந்தவர்களுக்கு முதுகைக் காட்டி, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தாள். சாவு வீட்டில் பெண்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

"என் கூடப் பொறந்தவளே, என் கனிம்குல்லே!
வேலிக்கு வெளிய நின்னேனே, வீட்டுக்குள்ள வரலையே!
ஒன் மொகத்த மூடையில என் கைய மூடிக்கிட்டேனே!
யாருமில்லன்னு எழுதினேனே, என் கை அழுகிப் போகாதோ!"

யாரும் இப்படி ஒன்றை எதிர்பார்க்கவில்லை. தோடு போடும் வீட்டில் சாவுப் பாட்டு! நாலு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்கள். இதைவிடக் கெட்ட சகுனம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

"நிறுத்து!" என்று குபாத் கத்தினார். சிரித்த முகம் எங்கோ போயிருந்தது. "ஏய், நிறுத்துங்கறேன்ல!"

அவள் நிறுத்தவில்லை. எட்டு மாத அழுகை. தோலோன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

ரகியா இடது காதுக்கான தோட்டைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். "எழுந்திரிங்க எல்லாரும். இந்த வீட்ல இனி ஒரு வாய்த் தண்ணி தொடக் கூடாது." விரிப்பின் நடுவில் வட்ட ரொட்டி வைத்தபடியே இருந்தது. ஒருவர் கையும் அதன்மேல் படவில்லை.

எமில் மட்டும் வாசலில் தயங்கினான். நல்ல பையன்தான். நல்ல பையன்கள் எப்போதும் வாசலில்தான் தயங்குவார்கள்.

"பெகாயிம், நீ வரியா? வந்தா எங்க வீட்லயே இருந்துடலாம். இங்க இருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"கார் அஞ்சு நிமிஷம் நிக்கும்" என்றார் குபாத். "எந்தப் பக்கம்னு பொண்ணே முடிவு பண்ணிக்கட்டும்."

கூடம் காலியாயிற்று. புருலின் குரல் கட்டிப்போய்த் தானாக நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

பெகாயிம் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காதில் தோடு, இன்னொரு காது மூளி.

"போறியா?"

"போறேம்மா." அவளால் நிமிர முடியவில்லை. "ஒன்ன மன்னிக்கச் சொல்லி நான் யாரக் கேக்கறது?"

"யாரையும் கேக்காத. மன்னிப்புக் கேக்கற மாதிரி நான் எதுவும் பண்ணல. நீ பண்ணினதுக்கும் நாந்தான் காரணம், போ." புருல் விரிப்பிலிருந்து ரொட்டியை எடுத்தாள். இரண்டாகப் பிய்த்தாள். ஒரு துண்டை நீட்டினாள். "ஒரு வாய் வெச்சுட்டுப் போ. வெறும் வாயோட எந்த வீட்லேருந்தும் போகக் கூடாது."

பெகாயிம் ரொட்டியை வாங்கினாள். வாய்வரை கொண்டுபோனாள். ஜன்னலுக்கு வெளியே, காருக்குப் பக்கத்தில், குபாத் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் ரொட்டியைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அம்மாவைக் கட்டிக்கொள்ளாமல் ஓடினாள்.

புருல் கையில் பாதி ரொட்டியோடு நின்றாள். தின்னவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லையே? அதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கார் நரின் சாலையில் திரும்பியது. பெகாயிம் பின் இருக்கையில், வருங்கால மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கோட்டுப் பைக்குள் ரொட்டி அவள் கைச்சூட்டில் வெதுவெதுத்தது. அதைத் தின்றால் வெளியே நிற்பவளோடு உண்டவள். ஜன்னல் வழியாக எறியலாம் என்றால், ரொட்டியை மண்ணில் போடும் வழக்கம் எங்களில் எவருக்கும் கிடையாது, சபையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அவள் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ரகியா மெல்லத் திரும்பினாள்.

"அப்பலேருந்து பாக்கறேன், பைலேருந்து கையவே எடுக்க மாட்டேங்கற. உள்ள என்ன வெச்சிருக்க?"